குளிர் அறைக்குச் சூடு வைத்தது யார்?

மார்ச் 4, திங்கள்

பள்ளி விட்டதும் வழக்கம்போல அம்மா வேலை செய்யும் மருந்துக் கிடங்குக்குப் போனேன். பேக்கிங் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுவதாக நடித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் கடுகு நேராக அம்மாவிடம் வந்தார். (பெயர்க் காரணம்: லேசாகச் சூடு பட்டாலே வெடிப்பார்.)

சனிக்கிழமை மதியம் குளிர் அறையில் சூடு ஏறிவிட்டதாம். ஒரு அலமாரி நிறைய ஊசி மருந்து குப்பைக்கு.

"ரெண்டு பத்துக்கு ஏற ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு மணிக்கு டியூட்டிக்கு வந்தது நீங்கதானே? கதவச் சாத்தாம விட்டிருக்கீங்க."

"நான் வந்தப்ப சாத்திதான் சார் இருந்துது. நான் தொடவே இல்ல."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

மெஷின் என்றால் குளிர் அறைச் சுவரில் இருக்கும் டேட்டா லாகர். சோப்பு டப்பா அளவுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே எவ்வளவு குளிர் என்று மணியோடு குறித்து வைத்துக்கொள்ளும்.

சனிக்கிழமைக்குள் 'தவறு என்னுடையது' என்று அம்மா எழுதித் தர வேண்டும். தந்தால் மரியாதையோடு வேலை போகும். தராவிட்டால் மரியாதை இல்லாமல் போகும்.

டேட்டா லாகராம். அம்மாவுக்கு டாட்டா காட்டப் பார்க்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

ஸ்வெட்டர் அக்கா மேல் சந்தேகம். (குளிர் அறையை விட்டு வெளியே வந்தாலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார்.) காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு அம்மாவிடம் குளிர் அறைச் சாவியைக் கொடுப்பவர். இந்த வாரம் ஓவர்டைம் என்று மாலையிலும் இருக்கிறார். இன்று எனக்கு சாக்லேட் கொடுத்தார். நான் இங்கே வர ஆரம்பித்த நாள் முதல் ஒரு மிட்டாய்கூடக் கொடுத்ததில்லை.

"அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். அம்மா எதிரிலேயே நிற்கிறாள். அவளிடமே கேட்டால் என்ன?

சாக்லேட்டைத் தின்றுவிட்டேன். சந்தேகம் தனி, சாக்லேட் தனி.

மார்ச் 6, புதன்

ஒருவேளை அம்மாவே திறந்து விட்டிருந்தால்? நேற்று வீட்டைப் பூட்டாமல் கடைக்குப் போய்விட்டாள். அடுப்பையும் அணைக்கவில்லை. 'நிஜமா நீ தொடலையாம்மா?' வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

சீ.

மார்ச் 7, வியாழன்

அம்மாவோடு உள்ளே போய் லாகரை நானே பார்த்தேன். மெமரி பட்டனை அமுக்கினால் சேர்த்து வைத்த எண்கள் வரும். அம்புக்குறியை அமுக்கிப் பிடித்தால் பின்னாலே போகும். போனேன். நாலு டிகிரி, நாலு, நாலு... சனிக்கிழமையில் திடீரென்று ஒன்பது, பன்னிரண்டு, பதினாலு. மணி இரண்டு பத்தேதான்.

திரும்ப இன்றைக்கு வந்தேன். கடைசிப் பதிவு: ஐந்து மணி.

ஐந்தா? நாலு மணிக்கு நான் வந்து அரை மணிதான் ஆகிறது. இப்போது நாலரை. இனிமேல் வரப்போகும் ஐந்து மணியை இப்போதே குறித்துவைக்க இது என்ன ஜோசியப் பெட்டியா?

வெளியே ஓடிவந்து பேக்கிங் ஹால் கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் ஐந்து. அது எப்போதும் அரை மணி முந்தித்தான் ஓடும். வண்டிகள் லேட்டாகக் கிளம்பக் கூடாதென்று கடுகு செய்து வைத்த ஏற்பாடு. இங்கே எல்லோரும் மனதுக்குள் அரை மணியைக் கழித்துக்கொள்வார்கள். டியூட்டிக் கணக்கு விரல் வைக்கும் மெஷினில். அது சரியான மணி காட்டும்.

"லாகருக்கு யாரும்மா மணி வச்சது?"

"போன வாரம் பேட்டரி மாத்த ஒரு மெக்கானிக் வந்தாரு. அவர்தான்."

வெளியாட்கள் போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். பாவம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வைத்திருக்கிறார். கழிக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

அப்படியென்றால் சூடு ஏறியது ஒன்று நாற்பதுக்கு. அம்மா அப்போது பஸ்ஸில்.

மார்ச் 8, வெள்ளி

கடுகு நம்பவில்லை. "போன மாசம் என் சேருக்கு அடியில பல்லி ஒட்டினவதானே நீ? நீயே மணிய மாத்திருப்ப."

"பிளாஸ்டிக் பல்லி சார்." இது உதவவில்லை.

லாகரிலிருந்து ஒரு ஒயர் தொங்கும். அதன் நுனிதான் குளிரை அறியும். "நீங்களே பிடிச்சுப் பாருங்க சார்" என்றேன். கடுகு அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு குளிர் அறையில் நின்றார், குச்சி ஐஸ் பிடித்த குழந்தை மாதிரி. அவர் வாட்ச்சில் நாலு நாற்பது ஆனபோது லாகர் முப்பது டிகிரி என்று குறித்தது. மணி ஐந்து பத்து என்று.

"இப்ப பின்னாடி போங்க சார். நடுவுல யாராவது மணிய மாத்தியிருந்தா அங்க அரை மணி பதிவில்லாம ஒரு ஓட்டை விழுந்திருக்கும்."

சனிக்கிழமை வரை அவரே அமுக்கிப் பார்த்தார். பத்துப் பத்து நிமிடமாக, ஒரு ஓட்டைகூட இல்லை.

கடுகு வெடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பின்னாலிருந்து ஸ்வெட்டர் அக்கா மெதுவாகச் சொன்னார்: "சார், அன்னைக்கு நீங்க ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்து ரூமச் சுத்திக் காட்டினது அந்த ஒன்னு நாப்பது வாக்குலதான். கதவத் திறந்து வச்சு போட்டோ எடுத்தாங்க. மெஷின் ரெண்டு பத்துன்னு காட்டவும், இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு விட்டுட்டேன்."

"விட்டுட்டியா, பயந்துட்டியா?" அம்மா கேட்டாள்.

அக்கா ஸ்வெட்டர் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 9, சனி

எழுதித் தரச் சொல்லி யாரும் அம்மாவிடம் வரவில்லை. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் 'கருவியின் கடிகாரக் கோளாறு' என்று மட்டும் இருக்கிறதாம். கடிகாரம் கோளாறானால் மருந்து கெடுமா? கடுகு தெரிந்தே அம்மாவை மாட்டிவிட்டாரா, இல்லை, மெஷினை நம்பித் தன்னையே மறந்துவிட்டாரா?

"வேலை இருக்குல்ல. விடுடி" என்றாள் அம்மா.

எனக்கு விட மனசில்லை.

மார்ச் 14, வியாழன்

கடுகு இன்று கோட் போட்ட ஒருவரை அழைத்து வந்தார். குளிர் அறைக் கதவைத் திறந்து பிடித்தபடி விளக்க ஆரம்பித்தார். பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அம்மா, அதை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"சார், உள்ள போய்ப் பேசுங்க, இல்லன்னா வெளிய நின்னு பேசுங்க. கதவு திறந்திருக்கு."

குரலை உயர்த்தவில்லை. கோட்டுக்காரர் கடுகைப் பார்த்தார். கடுகு கதவைப் பார்த்தார். சாத்தினார்.

அம்மா திரும்பி வந்து டேப்பை எடுத்தாள். ஒட்டியது கோணலாகப் போனது. பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினாள். நான் பெட்டியின் மறுபக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.