பூண்டுக் கடை வராந்தா, ஷட்டருக்கு இடது பக்கம்

அக்கா,

இன்று காலை ஒருவர் நான் மனு எழுதும் மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். நாலாக மடித்துப் பல நாள் சட்டைப் பையில் கிடந்த தாள். விரித்ததும் மலைப்பூண்டு வாசம் அடித்தது. திறந்த பேனாவை மூடி வைத்துவிட்டேன். "என்னண்ணே, மை தீந்துருச்சா?" என்று கேட்டார். தும்மல் வருகிறது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்த வாசத்தோடு என் மேசைக்கு வந்தவர் அதற்குமுன் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் போய் இரண்டு சீசன் முடிந்துவிட்டது. மூஞ்சிக்கல்லில் நீங்கள் படுத்திருந்த வராந்தாவில் இப்போது யாரும் படுக்க முடியாதபடி கம்பி அடித்திருக்கிறார்கள். பூண்டு மூட்டைகளுக்கு மட்டும் தடை இல்லை. அவை அதே இடத்தில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சுகமாகக் கிடக்கின்றன. அந்தப் பக்கமாகப் போக வேண்டி வந்தால் எதிர்ச்சாரியில் நடக்கிறேன். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்று தெரியும்.

நீங்கள் முதல்முறை வந்தது சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை. திங்கள் மனு நாள். எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நடைபாதையில் என் மடக்குமேசை, மேலே கறுப்புக் குடை, முன்னால் ஏழெட்டுப் பேர். உங்கள் முறை வந்ததும், "அரிசி அட்டை வாங்கணும் தம்பி" என்றீர்கள். பெயர் கேட்டேன், சொன்னீர்கள். முகவரி கேட்டேன்.

"பூண்டுக் கடை வராந்தா. ஷட்டருக்கு இடது பக்கம். வலது பக்கம் ஒழுகும்."

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. நான் எழுதுகிறேனா என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எழுதினேன். அந்த அட்டை கடைசிவரை வரவில்லை என்பது வேறு கதை.

அதன்பிறகு மூட்டைகளைத் தரம் பிரிக்கிற வேலை முடிந்ததும் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து குந்திக்கொள்வீர்கள். "தேத்தண்ணி குடிச்சியா?" என்பதுதான் முதல் கேள்வி. டீ என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தது, சிறு பிள்ளையாகக் கப்பலில் வந்தது, ஆடலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் உங்கள் வீட்டுக்காரரோடு நாற்பது வருடம் உழைத்தது, அவர் இறந்த மாதமே ரூமைக் காலி செய்யச் சொன்னது, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. "கப்பல்ல வரக்குள்ள காகிதத்துல பேரு இருந்துச்சு, ஊரு இருந்துச்சு. இங்க வந்து எறங்குனதுக்கு அப்பறம் எந்தக் காகிதத்துலயும் ரெண்டும் சேந்து இருந்ததில்ல தம்பி" என்றீர்கள் ஒருநாள். அதைச் சொல்லிவிட்டு, என் குடையில் ஓட்டை இருக்கிறது, தைத்துத் தரட்டுமா என்று கேட்டீர்கள்.

இன்னொரு நாள், நான் சாயங்காலம் மேசையை மடிப்பதைப் பார்த்து, "இத எங்க வப்ப?" என்று கேட்டீர்கள்.

"செண்பகனூரு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவேன்க்கா. இங்க கெடந்தா நனைஞ்சுரும்."

"அதுவுஞ் சரிதான்" என்றீர்கள். அந்த "அதுவுஞ் சரிதான்" அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

டவுனில் உங்களைப் போலப் படுப்பவர்கள் பதினோரு பேர் இருந்தீர்கள். மார்கழியில் நம் வார்டு கவுன்சிலர் வந்து ஆளுக்கொரு போர்வை கொடுத்து, நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோவில் நீங்கள் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். எனக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கு உண்டல்லவா, "போர்வைய எங்க விரிக்கிறதுன்னும் சொல்லிட்டுப் போங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ராத்தங்க ஒரு கூடம் வேணும்னு மனுப் போடுங்கண்ணே. பேப்பர்ல இருந்தாத்தான நாங்க பேச முடியும்" என்றார்.

நான் அதை நம்பினேன் அக்கா. இருபது வருடமாக மனு எழுதுகிறவன் நம்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் வாழ்நாளில் எழுதிய மனுக்களில் அதுதான் ஆகச் சிறந்தது. மனுவில் விவரம் குறைந்தால் அலுவலகத்தில் வாங்கும்போதே திருப்பிவிடுவார்கள் என்பது என் தொழிலில் நான் கற்ற பாடம். அதனால் ஒரு சாயங்காலம் உங்களையும் கூட்டிக்கொண்டு ஏழு ரோடு சந்திப்பு தொடங்கி மார்க்கெட் வரை ஒவ்வொரு இடமாக நடந்தேன். பெயர், வயது, படுக்கும் இடம், பக்கத்தில் என்ன கடை, எத்தனை மணிக்குப் படுப்பார்கள், எத்தனை மணிக்கு எழுவார்கள். பதினோரு பேருக்கும் எழுதினேன். போதாது என்று கையாலேயே ஒரு வரைபடம் போட்டு, புள்ளி வைத்து, எண் கொடுத்துப் பின்னால் இணைத்தேன். உங்கள் எண் நான்கு.

வரைபடத்தை நீங்கள் வெகுநேரம் பார்த்தீர்கள். "இம்புட்டு வெவரம் எழுதணுமா தம்பி? தேடி வர்றவனுக்கு லேசாப் போயிருமே."

"அதுக்குத்தானக்கா எழுதுறதே" என்றேன். என் சாமர்த்தியத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

நீங்கள் இடது பெருவிரலை மைப்பெட்டியில் அமுக்கி ரேகை வைத்தீர்கள். துடைக்கத் துணி இல்லை. மேசையின் விளிம்பில், என் பக்கம் தெரியாத மாதிரி, விரலைத் தேய்த்துக்கொண்டீர்கள். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன்.

அடுத்த திங்களே மனுவைக் கொடுத்தேன். சுற்றுலா சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, வெள்ளனே, பால் வண்டி வருகிற நேரத்தில் ஒரு வேன் வந்ததாம். நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது டீக்கடைக்காரர்தான் சொன்னார். "கையில பேப்பரு வச்சிருந்தாங்கண்ணே. பேரச் சொல்லித்தான் எழுப்புனாங்க. ஒரு எடங்கூடத் தவறல. வெரசா ஏறு, வெரசா ஏறுன்னு ஏத்திட்டுப் போயிட்டாங்க." அந்தப் பேப்பரில் புள்ளிகள் இருந்ததா என்று கேட்டேன். "படம் மாதிரி என்னமோ போட்டுருந்துச்சு" என்றார். எந்த அலுவலகத்து வேன் என்று நானும் ஏறி இறங்கிக் கேட்டுவிட்டேன். இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

கவுன்சிலர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "அது நம்ம சோலி இல்லண்ணே. டவுனு பாக்க நல்லா இருக்கணும்னு யாவாரிக கேட்டுருக்காங்க. மேல யாரோ செஞ்சிருக்காங்க. இவங்க ஒருத்தருக்கும் நம்ம வார்டுல ஓட்டும் இல்ல. நான் எத வச்சுண்ணே போய்ப் பேசுறது?" என்றார். முகவரி இருந்தால் ஓட்டு. ஓட்டு இருந்தால் பேச ஆள். அன்றைக்கு இந்த ஊரில் என்னிடம் பொய் பேசாதவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் நீங்கள் வந்தீர்கள். செருப்பு கையில் இருந்தது, கால் வீங்கியிருந்தது. மற்ற பத்துப் பேரைக் காணோம். என் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிவிட்டு, "மனு போய்ச் சேந்துருச்சு போல தம்பி" என்றீர்கள்.

இந்த மேசையில் உட்கார்ந்து நான் எவ்வளவோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். எதற்கும் கண் கலங்கியதில்லை.

மலைக்குக் கீழே, பெரியகுளம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிட்டதையும், ரோட்டு வழியாக வந்தால் மறுபடி பிடிப்பார்கள் என்று நீங்கள் கும்பக்கரைப் பக்கமாக ஒற்றையடிப் பாதையில் ஏறியதையும் சொன்னீர்கள். வழியில் இருக்கும் வெள்ளகவி மலைக்கிராமத்தில் ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்பதால் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டீர்களாம். ஊர் தாண்டியபின் வீக்கத்தில் செருப்பு நுழையவில்லை. அந்த ஊரில் ஒரு வீட்டில் கஞ்சி ஊற்றி, உள்ளே பாய் போட்டுப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "எம்புட்டோ வருசங் கழிச்சு வீட்டுக்குள்ள படுத்தேன் தம்பி. தூக்கமே வரல" என்று சொல்லிச் சிரித்தீர்கள். இடையிடையே இருமினீர்கள்.

அப்போதாவது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செண்பகனூரில் எனக்கு இரண்டு அறை இருக்கிறது. என் மனைவி வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள். நான் அவளிடம் கேட்கவே இல்லை. உங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கும் மேசையை மடித்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நீங்கள் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் எங்கோ படுத்தீர்கள். அந்த வாரம் விடாமல் மழை பெய்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸ் முகவரி கேட்டாள். என் வீட்டு முகவரியைச் சொன்னேன். அதற்குச் செலவு இல்லை, இடமும் தேவை இல்லை. மூன்றாம் நாள் அதே முகவரியோடு உங்கள் பெயரை வேறொரு நோட்டில் எழுதினார்கள். உங்கள் பேரும் ஊரும் ஒரே காகிதத்தில் சேர்ந்து வந்துவிட்டன அக்கா. அதைப் பார்க்கத்தான் நீங்கள் இல்லை.

ஒரு மாதம் கழித்து மனுவுக்குப் பதில் வந்தது. வீட்டில் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். 'மனுதாரர் குறிப்பிட்டுள்ள பதினோரு இடங்களிலும் நேரில் ஆய்வு செய்யப்பட்டது. அவ்விடங்களில் எவரும் தங்கியிருக்கவில்லை. எனவே மனு முடிவு செய்யப்படுகிறது.' எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. நான் எழுதியிருந்தாலும் இதைவிடத் திருத்தமாக எழுதியிருக்க முடியாது.

இன்று வந்தவரும் பூண்டு மூட்டை தூக்குகிறவர்தான். நிறுத்தியிருக்கும் லாரிகளுக்கு அடியில் படுக்கிறாராம். அவருக்கும் அட்டை வேண்டும். "எங்க படுக்குறேன்னும் எழுதணுமாண்ணே?" என்று கேட்டார். எழுதினால் தேடி வருவார்கள். எழுதாவிட்டால் தாள் திரும்பி வரும். மூன்றாவதாக ஒரு வழி இந்த இரண்டு வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டு முகவரியை எழுதினேன்.

அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். "இது உங்க வீடுல்லண்ணே?"

"ஆமா."

"அப்ப அங்கன வந்து படுத்துக்கிரலாமா?"

நான் தாளைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். "சும்மா கேட்டேண்ணே" என்றார் அவர். ரேகை வைத்தார். விரலைத் துடைக்க இடம் தேடி மேசை விளிம்பில் தேய்த்தார். உங்கள் கறைக்குப் பக்கத்தில்.

சாயங்காலம் சாரல் பிடித்துக்கொண்டது. மேசையை மடித்து, நனையாமல் சாக்கு சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் வைத்துக்கொண்டபோது அந்த இரண்டு கறையும் என் கைக்கு நேராக இருந்தன. வீட்டில் முன்னறையில், சுவரோரம் இந்த மேசைக்கு ஒரு இடம் உண்டு. ஒழுகாத இடம் அக்கா. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்.