அப்பீல் போடாமல் ஜெயித்தோம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? எங்கள் வக்கீல் ஆபீசில் ஒரு கூத்து. கட்டட உரிமையாளர் போட்ட வழக்கில் கீழ்க்கடைத் தையல்காரருக்கான சம்மன் பழைய முகவரிக்குப் போனதால், அவர் கோர்ட்டுக்கே வராமல் போக, கடையைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு வந்துவிட்டது.

வக்கீல், "அப்பீல் டைப் பண்ணும்மா" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"சார், அப்பீல்ல பழைய கேஸ் கட்டைத்தானே புரட்டுவாங்க? அதுல இவர் பேசின ஒரு வார்த்தைகூட இல்லையே! ஒருதலைப்பட்சமா வந்த தீர்ப்பு. அதை ரத்து பண்ணச் சொல்லி அதே கோர்ட்டுல மனு போடலாமே?"

போட்டோம். நேற்று தீர்ப்பு ரத்து! வழக்கு முதலிலிருந்து நடக்கும். வக்கீல் இன்று என்னை "மேடம்" என்கிறார்.

தையல்காரர் உனக்கு ரவிக்கை தைத்துத் தருகிறாராம். அளவு ரவிக்கை அனுப்பு. வக்கீல் கூப்பிடுகிறார், ஒன்று மட்டும், அதைத் துவைக்காமல் அனுப்பு, உன் வாசனை அதில் இருக்கட்டும்.

உன் வாயாடி