நான் எடுத்துவிட்ட பட்டன்

என் பிடிவாதக்காரி பிலோவுக்கு,

நாளை சாயங்காலம் உனக்கு முதலாமாண்டு நினைவுத் திருப்பலி. ஃபாதர் என்னிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். நாம் இருவரும் செய்த ரத்ததான வெப்சைட் தளத்தின் முதல் பக்கத்தில் உன்னைப் பற்றி நாலு வரி வர வேண்டுமாம். "நீங்களும் பிலோமினாவும் சேர்ந்து உங்க வீட்டுக்காரர் அந்தோணியக் காப்பாத்துனீங்கள்ல, அதையே எழுதுங்கம்மா, அது போதும்" என்றார். அந்த நாலு வரிக்காக மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அண்ணன் அடுத்த அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறார். அரை மணிக்கு ஒருதரம் குரல் கொடுக்கிறார். "ராணி, எழுதிட்டியா இல்லையா? குடு, நான் ஒருக்கா பாத்துர்றேன்." தங்கையைப் பற்றி மனைவி எழுதுவதை முதல் ஆளாகப் படிக்க ஆசைப்படுகிறார், பாவம். எனக்குத்தான் கை ஓடவில்லை. அவரைக் காப்பாற்றியதில் எனக்குப் பங்கு கிடையாது என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீ கம்ப்யூட்டர் படிப்பை முடித்திருந்தாய். நானும் அதே படிப்புதான். மதினியும் நாத்தனாரும் ஒரே அறையில் வேலை பார்த்தால் மண்டை உடையும் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் சொன்னார்கள். நாம் கேட்கவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஓர் அறை பிடித்து, வெப்சைட் செய்து கொடுக்கும் கடையைப் போட்டோம். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. ஊரில் தெருவுக்கு ஒரு பிரௌசிங் சென்டர் இருந்த காலம். மண்டை உடையவில்லை, ஆனால் தினம் ஒரு சண்டை உண்டு.

எந்தத் தளத்தையும் கொடுப்பதற்கு முன்னால் நீ மூன்று சோதனை வைப்பாய். முதலில் வண்ணம், படம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் எழுத்தாகப் படிப்பாய். தலைப்பு தலைப்பாகவும் பட்டியல் பட்டியலாகவும் இருக்க வேண்டும் உனக்கு. அடுத்து, பக்கத்தைத் தானாக இயக்கும் ஸ்கிரிப்ட்டை பிரௌசரில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு இணைப்பாக அழுத்திப் பார்ப்பாய். கடைசியாக உன் செல்போன். தீப்பெட்டி அளவு திரை, எண் பொத்தான்கள். அதில் பக்கம் திறக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்.

"ஏன்டி, இந்த ஊர்ல எவன்டி செல்லுல வெப்சைட் பாக்கப் போறான்?" என்று கேட்பேன்.

"கம்ப்யூட்டர் பக்கத்துல இல்லாதவன் வேற எதுல பாப்பான் மதினி? ஸ்கிரிப்ட் வந்தா நல்லது. வராட்டியும் அவன் வேலை நடக்கணும்ல?"

நான் சிரிப்பேன். 'சோதனைச் சாவடி' என்று உனக்குப் பெயர் வைத்திருந்தேன். நீயும் கோபப்படாமல் அந்தப் பெயரை வைத்துக்கொண்டாய்.

நம் சர்ச் பங்கின் இளைஞர்கள் வீடு வீடாகப் போய் ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயரும் போன் எண்ணும் வாங்கி வந்தார்கள். அதைத் தளமாக்கியது நாம். முதல் பக்கத்தில் ரத்த வகைகளின் பட்டியல். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்த வகைக்காரர்களின் பக்கம் வரும். ஒவ்வொரு வகைக்கும் தனிப் பக்கம், தனி முகவரி வேண்டும் என்று நீ நின்றாய். அந்தக் காலத்துச் செல்லில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்தாய். பட்டியலுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கோ' என்று ஒரு பட்டனும் வைத்தாய்.

அந்தப் பட்டனில்தான் நமக்குப் பிரச்சினை. உன் ஏற்பாடு இது: பட்டன் முதல் பக்கத்திலேயே இருக்கும். ஸ்கிரிப்ட் தனிக் கோப்பில் இருக்கும். அது வந்து சேர்ந்தால் பட்டனை மறைத்துவிட்டு, வகையைத் தேர்ந்தெடுத்ததுமே பக்கத்தைத் தானாக மாற்றிவிடும். ஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் பட்டன் அப்படியே நிற்கும், அதை அழுத்திக்கொள்ளலாம். சரியான ஏற்பாடுதான். ஆனால் நம் ஊர் இணைப்பின் வேகத்துக்கு ஸ்கிரிப்ட் வந்து சேரச் சற்று நேரமாகும். அதுவரை பட்டன் தெரியும், பிறகு பொசுக்கென்று மறையும். அது எனக்குப் பொறுக்கவே இல்லை. சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி ஒவ்வொரு தடவையும் முகம் சுளிப்பேன்.

நத்தத்தில் ஒரு மாங்காய் மண்டிக்காரர் தனக்கும் ஒரு தளம் வேண்டும் என்றார். மாதிரிக்கு ரத்ததானத் தளத்தைக் காட்டலாம் என்று நினைத்தேன். அவர் முன்னால் அந்தப் பட்டன் கண் சிமிட்டுவதை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக இருந்தது. உன்னிடம் கேட்காமல் பட்டனைப் பக்கத்திலிருந்தே அழித்துவிட்டேன். என் கம்ப்யூட்டரில் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. உன் மூன்று சோதனையில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. மண்டிக்காரர் நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார். பட்டன் இல்லாமல் ஒன்பது நாள் ஓடியது. முடித்துக் கொடுத்த தளத்தில் நான் கைவைப்பேன் என்று உனக்கு ஏன் தோன்றப் போகிறது?

ஒன்பதாம் நாள் நத்தம் போய்க் காட்டினேன். மண்டிக்காரருக்குப் பிடித்துவிட்டது. குஷியாகத் திரும்பி பஸ் ஏறி உட்கார்ந்தேன். அப்போது உன் போன் வந்தது.

"மதினி, பதறாதீங்க. அண்ணன் வண்டிய லாரி தட்டிருச்சு, செம்பட்டிக்கு இந்தப் பக்கம். பேச்சு இருக்கு. ஆனா வயித்துக்குள்ள ரத்தம் போகுதாம், ஆபரேசன் பண்ணணும்ங்கிறாங்க. ஓ நெகட்டிவ் ரெண்டு பாட்டில் வேணும், இங்க இல்லையாம். ஊர் பூரா கரண்டு இல்ல, கடைலயும் இல்ல. நம்ம லிஸ்ட்ட செல்லுல பாக்குறேன், வைக்கிறேன்."

 லாரி என்ற சொல்தான் முதலில் காதில் விழுந்தது. லிஸ்ட் என்ற சொல் அதற்குப் பிறகுதான் விழுந்தது. அதற்குள் நீ வைத்துவிட்டாய்.

இரண்டாவது தடவை கூப்பிட்டாய். "மதினி, ஓ நெகட்டிவ்னு எடுத்தா அப்படியே நிக்குது. ஒண்ணும் வரல."

அப்போது நான் சொன்னது இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குக் காரணம் தெரியும். உன் செல்லில் ஸ்கிரிப்ட் ஓடாது, அழுத்தப் பட்டனும் கிடையாது, நாள் முழுக்க நின்றாலும் அந்தப் பக்கம் நகராது என்று தெரியும். என் புருஷன் உள்ளே ரத்தம் இழந்துகொண்டிருக்கிறார் என்றும் தெரியும். அப்படியிருந்தும் என் வாயில் வந்தது இதுதான்: "உள்ள சிக்னல் இருக்காது. வெளிய வந்து திரும்ப எடு."

ஏன் அப்படிச் சொன்னேன், பிலோ? உன்னிடம் தோற்கக் கூடாது என்றா? பயமா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நீ என் பேச்சை நம்பி ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினாய். வெயிலில் நின்று திரையைக் கையால் மறைத்துக்கொண்டு மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்துப் பார்த்திருக்கிறாய். கோபால்பட்டி தாண்டும் வரை எனக்குப் போன் வரவில்லை.

மூன்றாவது தடவை உன் குரல் தணிந்திருந்தது. "சிக்னல் நாலு கோடும் இருக்கு. மதினி, பட்டன எடுத்துட்டீங்களா?"

"ஆமா."

நீ திட்டியிருக்கலாம். "சரி, அந்தப் பக்கத்து முகவரி எனக்கு மனப்பாடம், நானே அடிச்சுக்கிறேன். நீங்க கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னாய்.

நான் கூப்பிட்டால் உன் இணைப்பு அறுந்துபோகும். ஒரு எழுத்துக்கு மூன்று அழுத்து, ஒன்று தப்பினால் திரும்ப முதலிலிருந்து. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாணார்பட்டியில் பஸ் நின்றது. நிறைய பேர் ஏறினார்கள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, "ஏத்தா அழுகுற? வீட்டுல எதுவும் கெட்ட சேதியா?" என்று கேட்டார்.  எனக்குச் செபம்கூட வரவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: அவர் செத்துப்போனால் கொன்றது நான்.

நான் வந்து சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். நீ பட்டியலில் மூன்றாவதாகக் கூப்பிட்ட காதர் பாய், சித்தையன்கோட்டையில் மளிகைக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு மொபெட்டில் வந்து ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு பாட்டில் மதுரையிலிருந்து வந்தது. மறுநாள் டாக்டர் சிரித்தபடி சொன்னார், "இன்னும் செத்த நேரம் போயிருந்தா கஷ்டம்மா." அந்தச் செத்த நேரத்தில் பாதியை நான் தின்றிருந்தேன்.

உன் அண்ணன் கண் விழித்து விவரம் கேட்டபோது நீதான் பதில் சொன்னாய். "நானும் மதினியும் போன்ல பேசிப் பேசியே லிஸ்ட்ட எடுத்தோம்ணே. மொதல்ல சிக்னல் கிடைக்கல." என் பொய்யை நீ வாங்கிச் சொன்னாய். நான் தலையாட்டினேன். அந்தக் கதைதான் ஃபாதர் வரைக்கும் போயிருக்கிறது.

அடுத்த வாரம் கடைக்குப் போனபோது பட்டன் பழைய இடத்தில் இருந்தது. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறொன்று பேசினாய். "யார் எப்ப எந்தப் பக்கத்தத் தெறந்தாங்கன்னு சர்வர்ல பதிவாகும்ல மதினி. அந்த ஒம்பது நாள் பதிவ எறக்கி வச்சிருக்கேன். அண்ணனுக்கு நான் இருந்தேன். வேற யாராச்சும் வந்து மாட்டுனாங்களான்னு ஒருக்கா பாத்துருங்க."

"குத்திக் காட்டுறியா?" என்று கத்தினேன். கத்தியது மட்டுமில்லை, இரண்டு நாள் உன்னோடு பேசவும் இல்லை. நீ மறுபடி கேட்கவே இல்லை. நீயாவது அதைத் திறந்து பார்த்தாயா? பார்த்துவிட்டு என்னிடம் சொல்லாமல் விட்டாயா?

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். நாலே நாள். உனக்கு ரத்தம் தேவைப்படவே இல்லை, பிலோ. தேவைப்பட்டிருந்தால் நாங்கள் ஓடுவதற்காவது ஒரு திசை இருந்திருக்கும்.

நம் கடை நடக்கிறது. இப்போது விரலால் தடவுகிற செல்போன் வந்துவிட்டது. மண்டிக்காரர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, அதில் தன் தளம் சரியாகத் தெரியவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார். நீ இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய்! உன் மூன்று சோதனையையும் இப்போது நான்தான் செய்கிறேன். உன் பழைய செல்லைத்தான் வைத்திருக்கிறேன்.

முந்தாநாள், நாலு வரி எழுத வராமல், அந்தப் பதிவைத் திறந்தேன். ஒன்பது நாள் வருகையையும் வரி வரியாகப் பார்த்தேன். பெரும்பாலும் கம்ப்யூட்டரில் வந்தவர்கள், அவர்களுக்குச் சிக்கல் இல்லை. உன் செல்லைத் தவிர இன்னும் ஒரே ஒரு செல்போன்.  விபத்துக்கு மூன்று நாள் முன்னால், பட்டப்பகலில், முதல் பக்கத்தை ஆறு தடவை திறந்திருக்கிறது. ஆறு தடவையும் அங்கேயே நின்றிருக்கிறது. அதற்கப்புறம் அந்தச் செல் வரவில்லை.

ஆள் யார் என்று பதிவில் இருக்காது. எந்த ரத்தத்தைத் தேடினார் என்பதும் தெரியாது. சும்மா பார்த்தவராக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சும்மா பார்க்கிறவர் ஆறு தடவை திறப்பாரா? அவரிடம் "சிக்னல் இருக்காது, வெளியே வா" என்று யார் சொல்லியிருப்பார்கள்? அவருக்கு முகவரியை மனப்பாடம் செய்து வைத்திருந்த தங்கை ஒருத்தி இருந்தாளா?

அதனால் ஃபாதர் கேட்ட நாலு வரியை நான் எழுதப் போவதில்லை. இந்தக் கடிதம்தான் முதல் பக்கத்தில் போகும். அதற்கு மேலே ஆங்கில எழுத்தில், எந்தச் செல்லிலும் திறக்கிற மாதிரி, ஸ்கிரிப்ட் எதுவும் இல்லாமல் சில வரிகள் வைக்கிறேன். அந்த ஒன்பது நாளில் இங்கே வந்து, தேடியது கிடைக்காமல் திரும்பியவர் நீங்கள் என்றால், தவறு உங்கள் செல்லிலோ சிக்னலிலோ இல்லை, அது நான் செய்தது, என்னைத் தேடி வந்து என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள் என்று. இந்தத் தளம் இருக்கும் வரை அந்த வரிகளை எடுக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் அண்ணன் மறுபடி கூப்பிடுகிறார். இந்தத் தாள்களை அவர் கையில் கொடுக்கப் போகிறேன். அவர் படித்து முடிக்கிற வரைக்கும் அடுப்படிக்கு எழுந்து ஓடாமல் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். இந்தத் தடவை எனக்காகப் பதில் சொல்ல நீ வேண்டாம், பிலோ. நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்னிடம் ஒரு முறைகூட மன்னிப்புக் கேட்காத
உன் மதினி,
ஜெயராணி