ஒற்றைக் கைக்கு ஒரு படகு

டிசம்பர் 2

காலையிலிருந்து தூறல். கரண்ட் இல்லை, ஜெராக்ஸ் மெஷின் தூங்குகிறது. கடைக்கு ஒருவரும் வரவில்லை.

பதினோரு மணிக்குப் படகு வந்தது. கோட்டைப்பட்டினத்திலிருந்து குட்டியானை வண்டியில், மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு. பன்னிரண்டு அடி ஃபைபர் வத்தை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தது. அன்னவாசல் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

"என்ன பாய், கடலு இங்கிட்டு வருதாமா?" டீக்கடையிலிருந்து ஒருவர்.

மச்சான் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். என் வீட்டுக்காரர் பல் எனக்கே மறந்துபோயிருந்தது.

வலது கை மட்டும் லுங்கி மடிப்புக்குள். இரண்டு வருடமாக அங்கேதான். விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சின் கயிறு மூன்று விரலை எடுத்துக்கொண்டது. பெருவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். அதற்குப் பிறகு கடல் வேண்டாம் என்று என் ஊருக்கு வந்தோம். கடையில் உட்கார்ந்து ஆதார் பிரிண்ட் போடுகிறார். குறை சொல்வதில்லை. எதுவுமே சொல்வதில்லை, அதுதான் குறை.

டிசம்பர் 3

வெயில். துணி துவைத்தேன், ஆறு பக்கெட்.

ஊர்க் கண்மாயின் மீன் குத்தகைக்காரர் ஆறுமுகம் அண்ணன் படகைப் பார்க்க வந்தார். இந்த யோசனைக்கே அவர்தான் காரணம். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நா விட்ட கட்லாக் குஞ்செல்லாம் வாளையும் வெராலும் தின்னுபுடுச்சு பாய். வலைய எறக்குனா அடியில கெடக்குற கருவ மரத்து மூட்டுல மாட்டிக் கிழியுது. நீங்க தூண்டில்ல புடிச்சுருங்க. வாள, வெராலு ரெண்டும் ஒங்களுக்கு. கட்லாக் கெண்டையத் தொட்டுறாதீங்க, அம்புட்டுத்தான்."

"தொடமாட்டேண்ணே."

"பெட்ரோல் இஞ்சினும் வேணாம். மாடு குடிக்கிற தண்ணி."

அவர் போனபின் மச்சான் எனக்கு விளக்கினார். கடலில் சீலா மீன் பிடிக்கிற முறைதானாம். படகு மெதுவாகப் போகும், ஆள் நடக்கிற வேகம். நாற்பது அடி பின்னால் தூண்டில் நரம்பின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் மீன் நீந்திக்கொண்டே வரும். நிஜ மீன் ஏமாந்து கவ்வும்.

"ஏமாத்து வேலை," என்றேன்.

"மீனுகிட்ட மட்டுந்தான் புள்ள."

டிசம்பர் 5

வேண்டியவை. (அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அவர் இடது கையெழுத்து இன்னும் கோழிக்கிறுக்கல்.)

– கரண்ட் மோட்டார். ஹசீனா ஆன்லைனில் போட்டுவிட்டாள். நர்சிங் படிக்கத் திருச்சி போன மகள் ஹாஸ்டலில் இருந்தே குடும்பம் நடத்துகிறாள்.
– பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதே. குளிர்காலம்தானே, ஃபேன் எதற்கு.
– தூண்டில் கம்பு இரண்டு, கைப்பிடி சுழற்றினால் நரம்பு சுருளும் சக்கரத்தோடு.
– தங்கூசி நரம்பு, தடிமனாக.
– பி.வி.சி. குழாய், கம்பு சொருகி நிறுத்த. படகின் இரண்டு பக்கமும்.
– பிளாஸ்டிக் மீன் நாலு. ஒன்றாவது ஆரஞ்சு. கலங்கல் தண்ணீரில் தெரியுமாம்.
– நங்கூரம்: பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் கொட்டி, நடுவில் வளையம்.
– துடுப்பு.
– மீனை அள்ள, காம்பு வைத்த கைவலை.
– லைஃப் ஜாக்கெட்.

கடைசியை அவர் சொல்லவில்லை. நானே எழுதினேன்.

"கண்மாய்க்கா?" என்றார், கடல்காரக் கௌரவத்தோடு.

"ஆமா. கண்மாய்க்குத்தான்."

டிசம்பர் 8, ஞாயிறு

மேகமூட்டம், காற்றில்லை. கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக வழிந்துகொண்டிருக்கிறது. மறுகரைப் பனைமரங்கள் சீப்புப் பல் மாதிரி. இவ்வளவு பெரியது என்று இத்தனை வருடம் பஸ்ஸில் போகும்போது தெரியவில்லை.

முதல் இறக்கம். மோட்டாரும் பேட்டரியும் பின்பக்கம், இவரும் பின்பக்கம். மூக்கு ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டது. திட்டிக்கொண்டே கரைக்கு வந்தார். பேட்டரியை அணியத்துக்கு மாற்றினோம். அணியம் என்றால் படகின் முன்பக்கம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இன்றுதான் கற்றுக்கொண்டேன். வயர் பத்தவில்லை. ஓட்டமாய் ஓடி அன்னவாசலில் வாங்கி வந்தேன்.

இன்னொரு சிக்கல். மோட்டாரின் பிடியை இடது கையால் பிடித்தால் தூண்டிலுக்குக் கை இல்லை. அதற்கு அவரே வழி கண்டுபிடித்தார். பிடியில் ஒரு முழம் குழாயைச் சொருகி நீட்டி, வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். உடம்பைத் திருப்பினால் படகு திரும்புகிறது.

தனியாக ஒரு சுற்று போனார். நான் கரையில். எனக்கு நீச்சல் தெரியாது, முழங்கால் தண்ணீருக்கே கலிமா சொல்வேன். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடையில் கூன் போட்டு உட்கார்ந்திருக்கிற முதுகா இது?

இறங்கி வந்து, ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார்.

"உப்பே இல்ல. இதெல்லாம் ஒரு தண்ணியா?"

ஆனால் குரலில் சந்தோஷம்.

டிசம்பர் 9

ஃபேன் இல்லாமல் கொசு. இரண்டு பேரும் விடிய விடியச் சொறிந்தோம்.

டிசம்பர் 12

மழை விட்டது. அதிகாலை போனவர் எட்டு மணிக்கே திரும்பிவிட்டார். சட்டை முழுக்க ஈரம். நேராகக் குளிக்கப் போனார். ஒரு கம்புதான் கொண்டுவந்திருந்தார்.

நடந்ததை ஆறுமுகம் அண்ணன்தான் போனில் சொன்னார், கரையிலிருந்து பார்த்தாராம். மடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மீன் கவ்வியது. குழாயிலிருந்து கம்பை உருவி வலது கையில் தாங்கி, இடது கையால் சுற்றப் பார்த்திருக்கிறார். இரண்டு விரலில் கம்பு நிற்கவில்லை. மீன் ஒரு இழுப்பு இழுத்தது. கம்பு, சக்கரம், நரம்பு எல்லாம் தண்ணீருக்குள்.

"விழுந்து தேடுனாரு தங்கச்சி. ரொம்ப நேரம் முங்கி முங்கித் தேடுனாரு. பாக்க மனசு கேக்கல."

மத்தியானம் சோறு. ஸ்பூன் கேட்டார். பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

"வித்துறலாம் புள்ள," என்றார்.

நான் ரசம் ஊற்றினேன்.

டிசம்பர் 13

ஜும்ஆவுக்குப் போய் வந்து நேராகக் கடையில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்களுக்கெல்லாம் சரியாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். ஒரு தப்பு இல்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

சாயங்காலம் நான் ஒரு பேச்சு எடுத்தேன். பைகளுக்குப் பிடி தைக்கிற பட்டைத் துணி இருக்கிறதே, அதைத் தைத்துக் கம்பை மணிக்கட்டோடு கட்டிவிட்டால்?

நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, அதைவிட மோசம்.

"கயித்தக் கையோட கட்டச் சொல்றியா? அந்தக் கயிறுதானே புள்ள வெரலத் தின்னுச்சு."

புத்தி கெட்ட பெண் நான். உள்ளே போய் வெங்காயம் உரித்தேன்.

டிசம்பர் 14

கடையில் கூட்டம். பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு கைக்குழந்தை. ஒரு கையால் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டு, மறு கையால் கேமராவை ஸ்டாண்டில் திருப்பித் திருப்பி எடுத்தேன். இடது, வலது, மேல், கீழ். குழந்தை எங்கே பார்த்தாலும் கேமரா கூடவே போகிறது. கனம் முழுக்க ஸ்டாண்டில், என் கையில் ஒன்றும் இல்லை.

அப்படியே நின்றுவிட்டேன். குழந்தையின் அம்மா, "அக்கா, போட்டோ?" என்றாள்.

ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். விளக்குமாற்றைக் கேமரா இருக்கிற இடத்தில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டி, அவர் முன்னால் வைத்தேன். அவராகவே இடது கையால் விளக்குமாற்றை ஆட்டிப் பார்த்தார். தூக்கினார், சாய்த்தார், பக்கவாட்டில் திருப்பினார். பிறகு வலது முழங்கையை மேலே வைத்து அழுத்தினார்.

ஸ்டாண்டின் கால் வழுக்கியது.

"இத்துனூண்டு ஸ்டாண்டு தாங்காது," என்றார்.

"இரும்புல செஞ்சா?"

ஸ்டாண்டைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். படகை விற்பது பற்றிப் பேச்சில்லை.

டிசம்பர் 16

இலுப்பூர். பஸ்ஸில் போனோம், மடியில் கேமரா ஸ்டாண்ட். பட்டறைக்காரர் சகாயம், கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர், அணைத்துவிட்டு வந்தார். முழுசாகக் கேட்டார்.

"படகு நடுவுல ஒரு குத்துக் கம்பி. அது தலையில சுத்துற மாரி, சாயுற மாரி ஒரு தாங்கி. தாங்கியில தூண்டிக் கம்பு. கரெக்டாங்க?"

"கரெக்ட்."

"கம்ப அமுக்குறது எந்தக் கை?"

"வலது."

"அந்தக் கையக் காட்டுங்க, அளவெடுக்கணும்."

ஹசீனாவுக்கே காட்டாத கை. மச்சான் என்னைப் பார்த்தார். நான் ஸ்டாண்டைப் பார்த்தேன். லுங்கி மடிப்பிலிருந்து எடுத்து வெல்டிங் மேஜைமேல் வைத்தார்.

சகாயம் இரக்கப்படவில்லை. டேப்பை வைத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, மணிக்கட்டிலிருந்து பெருவிரல் வரை. சாக்பீஸால் தகரத்தில் எழுதிக்கொண்டார்.

"கட்டெல்லாம் வேணாங்க. முழங்கைக்கு அரைவட்டமா ஒரு தகடு வளச்சு வக்கிறேன். நீங்க சும்மா சாச்சு அமுக்குனாப் போதும். எப்ப வேணாலும் கைய எடுத்துக்கலாம்."

எப்ப வேணாலும் கைய எடுத்துக்கலாம். அந்தப் புண்ணியவான் வாயில் எப்படி வந்ததோ இந்த வார்த்தை.

திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லை. மச்சான் மேல்கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். என் தோள்மேல் வலது கை. ஊர் வரும்வரை எடுக்கவில்லை.

டிசம்பர் 19

சகாயம் செய்து தந்த இரும்புத் தாங்கி அருமை. பச்சை பெயிண்ட் வேறு அடித்திருக்கிறார்.

வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் ஒத்திகை. படகு தரையில், அவர் படகுக்குள். மீன் யார்? நான்தான். நரம்பின் நுனியை ஒரு கட்டையில் சுற்றிக் கொடுத்து இழுக்கச் சொன்னார்.

"வாள எப்படி மச்சான் இழுக்கும்?"

"கோவிச்சுக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போற பொண்டாட்டி மாரி இழுக்கும்."

இழுத்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், முள்வேலி வரைக்கும் ஓடினேன். கம்பு வளைந்தது, தாங்கி திரும்பியது, அவர் முழங்கை தகட்டிலேயே இருந்தது. இடது கை சக்கரத்தைச் சுற்றச் சுற்ற நான் படகை நோக்கி வந்துகொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு மாடியில் சிரிப்பு. எனக்கு மூச்சு வாங்கியது. நாற்பத்தைந்து வயதில் இப்படி ஒரு மீன்.

டிசம்பர் 22, ஞாயிறு

குளிர். காற்றில்லை.

மீனைக் கைவலையில் அள்ள இன்னொரு ஆள் வேண்டும் என்றார். ஆறுமுகம் அண்ணன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். நான் என்னையே பார்த்துக்கொண்டேன். ஹசீனா அனுப்பிய லைஃப் ஜாக்கெட் இரண்டு. அவள் இரண்டாக அனுப்பியபோதே யோசித்திருக்க வேண்டும்.

ஏறினேன். சத்தமாகக் கலிமா. மோட்டாருக்குச் சத்தமே இல்லை. கரை தானாக விலகிப் போனது. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது பனி, தண்ணீரிலிருந்து ஆவி, ஒரு நீர்க்காகம். ஆரஞ்சு மீன் பின்னால் எங்கோ நீந்திக்கொண்டிருந்தது.

இரண்டு சுற்று ஒன்றுமில்லை. மூன்றாவதில், மடைக்கு நேராக, சக்கரம் அலறியது.

"மோட்டார நிறுத்து புள்ள!"

எந்தப் பொத்தான் என்று தெரியாமல் வயரையே பிடுங்கினேன். இவர் கம்பைத் தாங்கியில் போட்டு முழங்கையை வைத்துவிட்டார். படகையே இழுத்தது மீன். கருவ மூட்டுப் பக்கம் போகிறது, போனால் அறுந்துவிடும். அவர் உடம்பைச் சாய்த்து அழுத்தினார். நெற்றியில் நரம்பு புடைத்தது. ஒரு தடவை முழங்கை தகட்டிலிருந்து வழுக்கியது. கம்பு தாங்கியிலேயே நின்றது. திரும்ப வைத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் மீனை, கண்மாயை, என் தலையெழுத்தை எல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன்.

மேலே வந்தது. வெள்ளி வாள் மாதிரி, அகல வாய், மீசை. முதல் தடவை வலை தவறியது. இரண்டாவது தடவை தலையை உள்ளே விட்டு இழுத்தேன். படகுக்குள் விழுந்து துள்ளிய துள்ளலில் நான் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். சாக்கை மேலே போட்டு அமுக்கிக்கொண்டேன்.

நிமிர்ந்தால் அவர் அழுதுகொண்டிருக்கிறார். மீனைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் அழுதேன். பிறகு எதற்கென்று தெரியாமல் சிரித்தோம்.

நான் பிடுங்கிய வயர் முனையோடு அறுந்திருந்தது. துடுப்புப் போட்டுத்தான் வந்தோம்.

டிசம்பர் 23

உடம்பெல்லாம் வலி. தோள், இடுப்பு, தொண்டை.

நேற்றைய வாளை நாலு கிலோ. ஆறுமுகம் அண்ணனுக்குக் கொஞ்சம், பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம், புளி கூட்டிக் குழம்பு. சகாயத்துக்கு ஒரு துண்டு வறுத்து, இலுப்பூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டோம். வெட்டுவதற்கு முன்பே ஹசீனாவுக்குப் போட்டோ. "அத்தா கையில பிடிச்சிருக்கிற மாதிரி ஒண்ணு அனுப்புங்க" என்று கேட்டிருந்தாள். இரண்டு கையிலும் பிடித்து நின்றார். அனுப்பினேன். அவள் போன் செய்து அத்தாவிடம் மட்டும் பேசினாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 26

இளவெயில். மச்சான் அதிகாலையிலேயே போய்விட்டார், தனியாக. இன்றைக்கு விரால் பார்க்கிறாராம், பாசி ஓரமாக. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டாரா என்று கதவு வரை போய்ப் பார்த்தேன். போட்டிருந்தார்.

பத்து மணிக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு ஒரு அம்மா வந்தார். "எங்கம்மா, பாயக் காணோம்?" என்றார்.

"வேலைக்குப் போயிருக்காக," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஒரு காப்பி கேட்டவருக்கு ஐந்து காப்பி எடுத்துவிட்டேன்.