அவர் பாட்டு பேப்பரில் வரும் வரை

24 ஏப்ரல் 1998

சாக்ஸபோன் பொன்னுசாமி வந்து பேண்டு வாத்தியக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனான். சிவப்புத் துணி, தோளில் ஜரிகைக் கயிறு. போன வருஷம் பதிமூன்று கோட்டு தைத்தேன். ஒருத்தர் செத்தார், ஒருத்தன் கொன்றான். இந்த வருஷம் பதினொன்று.

இந்த அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள், தப்பு இருக்கும். யார் பார்க்கப்போகிறார்கள்.

காலையில் பத்து மணிக்கு மெஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சுப்பராயலு நடந்து போனான். சலவை வேட்டி, நெற்றியில் விபூதி. ஊசி என் விரலில் இறங்கி நகத்தைத் துளைத்தது. வலிக்கவில்லை.

கண்டிஷன் பெயிலாம். தினமும் பத்து மணிக்கு போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டுமாம். ஏரிக்கரைத் தெருவில் இருந்து ஸ்டேஷனுக்குப் போக இந்த ஒரு வழிதான்.

25 ஏப்ரல்

போனான்.

29 ஏப்ரல்

அவர் போய் இன்றோடு மூன்று மாதம். ஒரு தடவை எழுதிவிடுகிறேன், அப்புறம் எழுதமாட்டேன்.

மேடவாக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு. அவர் சொந்தமாக ஒரு பாட்டு கட்டிக்கொண்டு போயிருந்தார். மிலிட்டரி பேண்டில் பதினைந்து வருஷம் ஊதியவர், அதனால் ஐந்து கோடு போட்டு இங்கிலீஷ் முறையில்தான் எழுதுவார். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிக் காகிதம், மொத்தமும் அவர் நோட்டில். நடுவில் ஒரு ஆள் தனியாக ஊதுகிற இடம் வரும். அது எப்போதும் சுப்பராயலுவின் கிளாரினெட்டுக்குத்தான். அன்றைக்கு அவன் குடித்துவிட்டு வந்தான். அவர் அந்த இடத்தைப் பொன்னுசாமியின் சாக்ஸபோனுக்கு மாற்றிவிட்டார்.

அதுக்குத்தான். வேற ஒண்ணுமே இல்ல.

ட்யூப்லைட் கட்டியிருந்த இரும்புக் கம்பத்தைப் பிடுங்கி அவர் மண்டையில் அடித்தான். மூன்று அடி. பொன்னுசாமி சொன்னான், “பின்னால வர டிரம்முக்காரனுங்களுக்குத் தெரியலக்கா. மூணாவது அடி வரைக்கும் டிரம்மு நிக்கவே இல்ல.” தாளத்தோடு அடித்திருக்கிறான்.

நான் தைத்த கோட்டை ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் கழற்றினார்கள். பாட்டு நோட்டு ரத்தத்தில் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. சீல் வைத்து கோர்ட்டில் வைத்திருக்கிறார்கள்.

2 மே

இன்று ஜன்னல் வழியாக இஸ்திரிப் பெட்டியை வீசினேன். நெருப்போடு. தலைக்குத்தான் குறி. அவன் விலகிவிட்டான், பெட்டி அவன் காலில் விழுந்து திறந்துகொண்டது. தோல் தீய்கிற வாசனை இங்கே வரைக்கும் வந்தது. அவன் ஒற்றைக் காலில் குதித்ததைப் பார்த்துச் சிரித்தேன். சத்தம் போட்டுச் சிரித்தேன். தெருவே பிடித்து இழுத்தது. எஸ்.ஐ. வந்து, “பொம்பளையாச்சேன்னு வுடறேன், இன்னொரு தபா இப்டி பண்ணா நீதான் உள்ள போவ” என்று கத்திவிட்டுப் போனார்.

அடுத்த தடவை தூக்கி எறியமாட்டேன். கிட்டே போவேன். துணி வெட்டுகிற பெரிய கத்திரிக்கோலைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன்.

3 மே

காந்திமதி விடிந்ததில் இருந்து சாப்பிடவில்லை. கத்திரிக்கோலை என் மடியில் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“மா, நான் குறுக்க வரல. ஆனா அப்பா பாட்டு போயிடக்கூடாது. ஆளுங்ககிட்ட இருக்கிற காகிதத்தையெல்லாம் வாங்கி, முழுப் பாட்டையும் கம்ப்யூட்டர்ல போட்டு அச்சு எடுக்கறேன். அது வர வரைக்கும் அவன் மேல கை வைக்கமாட்டேன்னு சொல்லு. அப்புறம் உன் இஷ்டம்.”

“வந்த அன்னிக்கே போவேன்டி.”

“போ.”

கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். அவர் பாட்டு பேப்பரில் வரும் வரை.

9 மே

காந்தி பாடம் சொல்லிக்கொடுக்கிற கம்ப்யூட்டர் சென்டர் முதலாளி ராஜாராமன் சார், பழைய பெட்டி ஒன்றும் ஒரு சிடியும் கொடுத்தார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். சிடியில் இருக்கிற ப்ரோக்ராமில் ஸ்வரத்தை எழுத்தாக அடித்தால், அதுவே கோடு போட்டு வரைந்து கொடுக்குமாம். வெளிநாட்டில் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள்.

“இனாமா?” என்றேன்.

“இனாம்தான்மா. ஆனா தெச்ச சட்டை கிடையாது. துணியும் அளவும் மட்டும் குடுத்திருக்காங்க, அதுக்குப் பேரு சோர்ஸ். நம்ம பெட்டிக்கு நாமதான் தெச்சுக்கணும். மேக்னு அடிச்சா தைக்க ஆரம்பிக்கும்.”

“எவ்ளோ நேரம்?”

“இந்தப் பெட்டிக்கு ஒரு பகல் பூரா ஆகும். நடுவுல எங்கனா ஒரு தையல் விட்டாலும் எர்ரர்னு நின்னுடும்.”

14 மே

ராத்திரியில் காந்தி ஆட்களின் காகிதத்தைப் பார்த்துப் பாட்டை எழுத்தாக அடித்து வைக்கிறாள். காலையில் மேக் தட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறாள். நான் தைத்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொள்கிறேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் ஐந்து நாளாகப் பார்க்கிறேன், சில வார்த்தை முகம் பழகிவிட்டது. முதலில் அது இருக்கா, இது இருக்கா என்று பெட்டியைக் கேட்கும். எஸ் என்றால் இருக்கு, நோ என்றால் இல்லை. அப்புறம் வரி வரியாக ஓடும். எர்ரர் என்ற வார்த்தையை நன்றாகத் தெரியும். நடுவில் புழு மாதிரி ஒரே எழுத்து இரண்டு சேர்ந்து வரும்.

பன்னிரண்டு மணிக்கு நின்றது. எர்ரர்.

பத்து மணிக்கு அவன் நொண்டிக்கொண்டு போனான்.

22 மே

எர்ரர்.

30 மே

மூன்று மணி வரைக்கும் நன்றாக ஓடியது. கரண்ட் போய்விட்டது. எல்லாம் போச்சு. எடுத்து அந்தப் பெட்டியை உடைச்சிடலாம்னு கை தூக்கிட்டேன். பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பானைதான் அடி வாங்கியது.

11 ஜூன்

அவன் இன்று ஜன்னலில் நின்றான். நின்றே விட்டான். வாயில் சாராய நாற்றம், காலையிலேயே.

“இன்னா அண்ணி, கம்ப்யூட்டர்லாம் வந்துகீது. மாஸ்டர் அதுக்குள்ள கீறாரா?”

மாஸ்டர் என்றான். அவரை.

கத்திரிக்கோல் என் கையில்தான் இருந்தது. கம்பிக்கு நடுவில் குத்தினேன். அவன் சட்டைப் பை கிழிந்து தொங்கியது, உடம்பில் படவில்லை. சிரித்துக்கொண்டே போனான். அப்புறம்தான் சத்தியம் ஞாபகம் வந்தது. குத்து பட்டிருந்தால்?

கழுத்து அளவு எனக்குத் தெரியும். பதினைந்தரை. எட்டு வருஷம் அவனுக்குக் காலர் வைத்துத் தைத்தவள்.

27 ஜூன்

இன்று திரை தானாக நின்றது. மேலும் கீழும் தேடினேன், புழு எழுத்து எங்கும் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். புடவை மாற்றி, கத்திரிக்கோலைப் பையில் வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

காந்தி வந்தாள். பார்த்தாள். “எர்ரர்மா. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்” என்றாள்.

பெட்டியில் ஒரு ப்ளாப்பியைப் போட்டு எடுத்தாள். அப்புறம் ஏதோ தட்டினாள். மேக் என்று தெரிந்தது, பக்கத்தில் ஐந்தெழுத்தில் இன்னொரு வார்த்தை. சரசரவென்று ஓடி நின்றது. சென்டரில் ஏதோ மறந்துவிட்டேன் என்று மறுபடி போய் வந்தாள்.

19 ஜூலை

காந்தியை அறைந்தேன். இத்தனை நாளாக ஒரு தையல் போடத் தெரியவில்லை, என்னடி படிச்ச நீ, உங்கப்பன் ரத்தம் காயறதுக்குள்ள முடிப்பியா மாட்டியா என்று கேட்டு அறைந்தேன். உதடு கிழிந்துவிட்டது. அவள் அழவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் பெட்டி முன்னால் போய் உட்கார்ந்தாள். அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்பு எண்ணலாம்.

8 ஆகஸ்ட்

மூன்று தடவை பார்த்துவிட்டேன். எர்ரர் இல்லாமலே நிற்கிறது. அவள் எர்ரர் என்கிறாள். அப்புறம் அதே இரண்டு வார்த்தை. இன்று அவள் தட்டும்போது பின்னால் நின்று, துணிக்குக் கோடு போடுகிற சாக்கால் வெட்டுத் துணி மேல் அந்த எழுத்தை அப்படியே வரைந்துகொண்டேன்.

12 ஆகஸ்ட்

காந்தி மத்தியானம் சாப்பிட வெளியே போகிற நேரம் பார்த்து ராஜாராமன் சார் சென்டருக்குப் போனேன். துணியைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“மேக் க்ளீன். இதை ஏம்மா கேக்கறீங்க?”

“இத்த அடிச்சா இன்னா ஆவும் சார்?”

“கட்டி முடிச்சதையெல்லாம் துடைச்சிடும். சோர்ஸ் மட்டும் மிஞ்சும். மறுபடி முதல்லேர்ந்து கட்டணும்.” கீபோர்டில் இருப்பது போலப் பெரிய எழுத்தில் கீழேயே எழுதிக் காட்டினார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார், “அதான் உங்க பொண்ணு ஜூன்லயே முடிச்சிட்டாளே. ப்ளாப்பில கொண்டாந்து இங்கதானே லேசர் பிரிண்ட் எடுத்தா? மாஸ்டர் பாட்டு ரொம்ப அழகா வந்திருந்ததும்மா.”

நேராக வீட்டுக்கு வந்து தேடினேன். அவள் டிரங்குப் பெட்டியில் பழைய தாவணிக்கு அடியில் இருந்தது. நாலு பக்கம். மேல் ஓரத்தில் அவள் கையெழுத்தில் 27-6-98. அவர் பாட்டு ஆரம்பிக்கிற விதம் எனக்குத் தெரியும். படி ஏறுகிற மாதிரி நாலு புள்ளி, அப்புறம் ஒன்று தனியாக மேலே நிற்கும். பேண்டு கொடியில் அதைத்தான் ஜரிகையில் தைத்துக் கொடுத்தேன். அதேதான். மூன்றாவது வரி மட்டும் கடைசி வரைக்கும் காலியாக ஓடுகிறது. கிளாரினெட் வரியாகத்தான் இருக்கும், அவன் காகிதத்தை அவள் போய்க் கேட்டிருக்கமாட்டாள்.

ஜூன் இருபத்தேழு. நான் புடவை மாற்றி உட்கார்ந்திருந்த நாள்.

ஏமாத்திட்டா. பெத்த பொண்ணு ஏமாத்திட்டா. பாட்டு வந்துவிட்டது. சத்தியம் தீர்ந்துவிட்டது.

13 ஆகஸ்ட்

காந்தி வேலைக்குப் போனதும் ஏரிக்கரைத் தெருவுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. சுப்பராயலு இன்னும் கையெழுத்துக்குக் கிளம்பவில்லை, தரையில் குடிமயக்கத்தில் மல்லாந்து கிடந்தான். அவன் பெண்டாட்டி அஞ்சம்மாள் மூலையில் குந்தியிருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. என் கையைப் பார்த்தாள். கத்தவில்லை.

அவன் மார்பில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். காலரைப் பிடித்தேன். கத்திரிக்கோலை விரித்துக் காதுக்குக் கீழே வைத்து அழுத்தினேன். காது மடல் வெட்டிக்கொண்டு ரத்தம் வந்தது. கண்ணைத் திறந்தான். “அண்ணி, அண்ணி” என்றான். மூத்திரம் போய்விட்டான், என் புடவை எல்லாம் நனைந்தது.

“அழுத்துக்கா,” என்றாள் அஞ்சம்மாள். “பாக்கறேன். நானும் எத்தினி நாளா பாத்துகினு கீறேன்.”

அந்த நேரத்தில் அவர் முகம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது காந்தியின் முதுகு. ஒரு நாள் பூராவும் தைத்ததைப் பிரித்து, மறுநாள் தைத்து, மறுபடி பிரித்து. அறை வாங்கிக்கொண்டு. ஒன்றரை மாதம்.

கை இறங்கலை. எவ்வளவு அழுத்திப் பார்த்தேன். இறங்கலை.

எழுந்தேன். அஞ்சம்மாள் காறித் துப்பினாள், அவன் மேலா என் மேலா தெரியவில்லை. “போக்கா. நான் யாரையும் பாக்கல. அவனே வுழுந்து அறுத்துகினான்.”

வந்து கத்திரிக்கோலைக் கழுவினேன். காந்தி சாயங்காலம், “புடவைல என்னம்மா ரத்தம்?” என்றாள்.

“ஊசி ஏறிடுச்சு.”

14 ஆகஸ்ட்

அவள் எதிரில் வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. நாலு பக்கமும் தாவணிக்கு அடியில், அவள் வைத்த மடிப்பிலேயே இருக்கிறது.

17 ஆகஸ்ட்

காலையில் காந்தி மேக் அடித்துவிட்டுப் போனாள். பத்து மணிக்கு அவன் போனான். காதில் கட்டு. ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஆவணி முகூர்த்தக் கோட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் விடவில்லை.

நாலரை மணிக்குத் திரை நின்றது. எர்ரர் இல்லை.

சார் எழுதிக் கொடுத்த துணியை மடியில் விரித்துக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு விரலால் தேடித் தேடி. நாலு எழுத்து, நீளக் கட்டை, ஐந்து எழுத்து. ஐந்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், எல். லார்ஜ் சைசுக்கு காலரில் தைப்பது. தப்பாக அடித்து இரண்டு தடவை ஏதோ திட்டியது. மூன்றாவது தடவை சரசரவென்று ஓடியது. பகல் பூரா தைத்தது ஒரு நிமிஷத்தில் போய்விட்டது.

காந்தி வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் இருந்த க்ளீன் என்ற வார்த்தையை அவளுக்குப் படிக்கத் தெரியுமே.

“என்னம்மா ஆச்சு?” என்றாள்.

“எர்ரர்” என்றேன். நூலைப் பல்லால் கடித்தேன்.

என்னைப் பார்த்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்மா.”

“ஆரம்பி” என்றேன்.