சத்தம் போடாத மூடி

அண்ணா,

மாமா போத்தலின் மூடியைத் திருகியபோது சத்தம் வரவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

நேற்று உங்களுடைய வருஷப் படையல். நடு அறையில் உங்கள் படத்துக்கு மாலை போட்டு, வாழையிலை விரித்து, அம்மா விடிந்ததிலிருந்து சமைத்ததையெல்லாம் வைத்திருந்தோம். சோறு, கோழிக்கறி, உளுந்து வடை, உங்களுக்காக அப்பா ஹட்டன் வரை போய் வாங்கி வந்த, மீன் வைத்துச் சுட்ட மாலுபாண். எல்லாவற்றுக்கும் நடுவில் மாமா கொண்டுவந்த டெக்கீலாப் போத்தல். அதைத் துவாயில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவது போல் தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார்.

"என் மருமகன் வாயத் தொறந்தா டெக்கீலா, டெக்கீலான்னு தானே பேசுவான். சாராயத்த வச்சோம்னா மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போயிருவான்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அம்மாவும் உங்கள் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் சிரித்தார்.

அப்புறம்தான் மூடியைத் திருகினார். புதுப் போத்தல் என்றால் மூடிக்குக் கீழே இருக்கும் வளையம் அறுந்து டக்கென்று கேட்க வேண்டும். இது ஊறுகாய்ப் போத்தல் போல வழுக்கிச் சுழன்று அவர் கையோடு வந்துவிட்டது. கிளாஸில் பாதி ஊற்றி உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார்.

அந்த டக் சத்தம் எனக்கு எப்படித் தெரியும் என்று இந்த லயத்து வரிசை வீடுகளில் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்கள் வேலை செய்த நுவரெலியா ஹோட்டலில் உங்களைச் சாப்பாடு பரிமாறுவதிலிருந்து பாருக்கு மாற்றுவதாகச் சொன்ன காலம் அது. மேனேஜர் கேள்வி கேட்பார், பதில் சொன்னால்தான் வேலை. லீவில் வந்த நாளெல்லாம் அடுப்படியில் பலகையைப் போட்டு அதுதான் பார் என்பீர்கள். உங்களுடைய கறுப்பு வேஸ்ட்கோட்டுக்குள்ளே பனியன் மட்டும் இருக்கும். நான்தான் வெளிநாட்டு மேடம்.

அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பை அடித்துக்கொண்டதிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. போன காலத்திலும் எழுந்து வாசிக்கச் சொன்னால் என் குரல் தொண்டையிலேயே நின்றுகொள்ளும். உங்கள் அடுப்படி பாரில் மட்டும் அப்படி நிற்காது. அங்கே எனக்கு வாய் நீளம்.

"எனக்கு நல்ல டெக்கீலா ஒன்னு வேணும்."

"நல்லது வேணுமா மேடம், வெல கூடினது வேணுமா? ரெண்டும் வேற வேற."

"தங்க நெறத்துல இருக்கே, அதக் குடுங்க. அது தானே பழசு?"

"நெறத்த நம்பிறாதீங்க. சீனியக் கருக்கி ஊத்தினாலும் தங்க நெறம் வந்துரும். பீப்பாயில ரொம்ப நாளு வச்சும் அந்த நெறம் வரும், அதுக்கு லேபல வாசிக்கணும். மொதல் தடவன்னா வெள்ளையா இருக்கிறதக் குடிச்சுப் பாருங்க. அதுல எதையும் ஒளிச்சு வைக்க முடியாது."

"உப்பும் தேசிக்காயும் எங்க?"

"அதெல்லாம் மட்டமானத முழுங்க வைக்கிறதுக்கு மேடம். நல்லத சுடு தேத்தண்ணி மாதிரி மெதுவா உறிஞ்சணும்."

அகாவே என்ற கற்றாழையை மட்டும் வைத்துச் செய்தது நல்லது, லேபலில் நூறு வீதம் அகாவே என்று இருக்கும். அப்படி இல்லையென்றால் பாதிக்குப் பாதி வேறு சீனி கலந்திருப்பார்கள். இதையெல்லாம் நீங்கள் ஒப்பிக்க, நான் பிழை பிடிப்பேன். கடைசியில் எப்போதும் ஒன்று சொல்வீர்கள். "வெளிநாட்டுப் போத்தல் காலியாச்சுன்னா, அதுல வேற எதையாச்சும் ஊத்தி விக்கிறதுக்கு ஆளு காத்துக்கிட்டு நிக்குது. அதனால மொதல்ல மூடியக் கேளுங்க. அப்புறமா லேபலப் பாருங்க." ஹோட்டலில் புதுப் போத்தல் திறக்கும் சத்தத்தைக் கைபேசியில் பிடித்து வந்து எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். அது பல்லி கத்துவது போல இருக்கிறது என்றேன். ரொம்ப நேரம் சிரித்தீர்கள்.

நேற்று மாமா கொண்டுவந்த போத்தலின் லேபலில் நூறு வீதம் அகாவே என்றுதான் இருந்தது. வெள்ளை நிறம்தான். கண்ணால் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

படையல் வைத்த பிறகு நடப்பது உங்களுக்குத் தெரியும். சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அது செத்தவர் வந்து சாப்பிடுகிற நேரம். கதவு திறக்கும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. திறந்த பிறகு இலையில் இருப்பதைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். உங்கள் கிளாஸில் இருப்பது அப்பாவுக்கு. போன மழைக்காலத்தில் நீங்கள் வந்த திரீவீல் வளைவில் உருண்ட அன்றிலிருந்து அப்பா ஒரு சொட்டும் தொட்டதில்லை. "வருசத்துக்கு மட்டும் புள்ளையோட கிளாஸக் குடிப்பேன்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதெல்லாம் அவர் முகம் தெளியும்.

மாமா சாம்பிராணி போடும்போது அடுப்படியில் அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"சும்மா இரு பாப்பா. என் தம்பி எவ்வளவு ஆசையாக் கொண்டாந்திருக்கான். மனசு நொந்துரும்."

கதவைச் சாத்தினார்கள். நாங்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு வந்தோம். வெளியே மூட்டம். எதிரே இருக்கும் தேயிலைகூடத் தெரியவில்லை. பெஞ்சில் அப்பாவும், பக்கத்துக் காம்பரா வீட்டுச் சித்தப்பாவும் உட்கார்ந்தார்கள். மாமா நின்றுகொண்டிருந்தார். இரவல் வாங்கிய கிளாஸ்களைச் சித்தப்பா துடைத்துத் துடைத்து வரிசையாக வைத்தார்.

"மச்சான், இதுக்குத் தண்ணி ஊத்தணுமா, சோடா ஊத்தணுமா?" என்று மாமாவைக் கேட்டார்.

"ஊத்திப் பாரு, என் மருமகன் படத்துல இருந்து எறங்கி வந்து அடிப்பான்."

தோட்டத்து மேல் டிவிஷனில் ஒரு கல்யாண வீட்டில் இப்படி எவனோ போத்தலில் அடைத்துக் கொடுத்த கலப்படச் சரக்கைக் குடித்து ஒருவர் இறந்துபோனார், ஒருவருக்குக் கண் போனது. அந்தச் சாவுக்கு இதே பெஞ்சில் இருந்துதான் அப்பா எழுந்து போனார். மாமாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா. மூடி சத்தம் போடல."

"என்னா புள்ள?"

"புதுப் போத்தல்னா தொறக்கும்போது சத்தம் போடும். அது முன்னமே தொறந்தது."

சித்தப்பாதான் முதலில் சிரித்தார். "அடேங்கப்பா! வருசத்துக்கு ஒருக்கா வாயத் தொறக்கிற புள்ள, தொறந்தா டெக்கீலாவப் பத்தி பேசுது! அண்ணன் வேலய தங்கச்சிக்குக் குடுத்துட்டாங்க போல."

மாமா சிரிக்கவில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஹோட்டல்ல வேல செய்யிற பையன் கையால வாங்கினது. நூறு வீதம்னு போட்டிருக்கா இல்லையா? உங்கண்ணன் சொன்னதத் தானே பாத்து வாங்கினேன்?"

அது உண்மை. நீங்கள் சொன்னதை நினைவில் வைத்து லேபலைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். மூடியைப் பற்றி நீங்கள் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

அப்பா என்னைப் பார்த்தார். கோபமில்லை. "வுடு பாப்பா. அண்ணனுக்கு வச்சதக் கொற சொல்லக் கூடாது."

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். கதவின் அடியிலிருந்து சாம்பிராணிப் புகை வந்துகொண்டிருந்தது. எனக்கே சந்தேகம் வந்தது. பெட்டியிலேயே மூடி தளர்ந்திருக்கலாம். அந்தப் பையன் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். அப்படியென்றால் உள்ளே இருப்பது நல்லதுதான். மோந்து பார்த்தால் தெரியும். ஆனால் அது இருந்தது உள்ளே, உங்களோடு.

ஒரு தடவை நல்லது எப்படி மணக்கும் என்று காட்டக் கைலேஞ்சித் துணியில் நனைத்துக் கொண்டுவந்தீர்கள். வயசான வெள்ளைக்காரர் ஒருவர் போகும்போது கொஞ்சம் மிச்சம் வைத்துப் போனாராம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியிருந்தீர்கள். தேயிலைப் பெக்டரியில் வாடின கொழுந்தைக் கையில் கசக்கி மோந்து பார்ப்பது போல உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்க்கச் சொன்னீர்கள். முதலில் கள் போல ஒரு நெடி வந்து போனது. அது காய்ந்த பிறகு அடுப்புச் சாம்பலில் சுட்ட வத்தாளங்கிழங்கு இனிப்பாக மணத்தது. அதற்கும் பிறகு மிளகு. நான் சொன்னதும் பலகையைத் தட்டினீர்கள். "மேடத்துக்கு மூக்கு இருக்கு!" நீங்கள் குடிக்கமாட்டீர்கள். பெக்டரியில் தேத்தண்ணியை ருசி பார்க்கும் டீ மேக்கர் மாதிரி வாயில் வைத்துத் துப்பிவிடுவீர்கள். முதல் தடவை சம்பளம் கூடியதும் நல்லதாக ஒரு போத்தல் வாங்கி, அப்பாவும் மாமாவும் நீங்களும் ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ், வெறிக்கு இல்லாமல் ருசிக்கு, இந்த இஸ்தோப்பில் உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள்.

"போதும் மச்சான், இன்னும் கொஞ்ச நேரத்துல தொறந்துருவோம். அவன் சாப்பிட்டிருப்பான்" என்றார் மாமா.

அப்பா உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சாத்தினேன். பின்னால் அம்மா "பாப்பா!" என்று கூப்பிட்டது கேட்டது.

அண்ணா, நீங்கள் அந்த நேரத்தில் அங்கே இருந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. புகையில் உங்கள் முகம் சரியாகத் தெரியவில்லை. இலை அப்படியே இருந்தது. சோற்றில் ஆவி அடங்கியிருந்தது. சாப்பிடுகிறவர் முன்னால் குறுக்கே போய் நிற்பது போலக் கூச்சமாக இருந்தது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். உங்கள் கிளாஸில் விரலை நனைத்து உள்ளங்கையில் தேய்த்தேன். நெடி மூக்கில் அடித்தது. காயட்டும் என்று கையை மூடி வைத்திருந்தேன். வெளியே மாமாவின் குரல் ஏறிக்கொண்டிருந்தது. கையைத் திறந்து மோந்து பார்த்தேன். ஊசி போடும் முன் தடவுகிற பஞ்சின் மணம். திரும்பவும் மோந்தேன். அதற்குப் பின்னால் எதுவுமே இல்லை, அண்ணா. கிழங்கும் இல்லை, மிளகும் இல்லை. அது விஷம்தானா என்று மூக்கால் சொல்ல முடியாது. நீங்கள் சொன்னது அதில் இல்லை என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஒரு கையில் உங்கள் கிளாஸும் மறு கையில் போத்தலுமாகக் கதவைக் காலால் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

அப்பா எழுந்து நின்றார். நான் அவருக்காகக் கொண்டுவருகிறேன் என்று நினைத்திருப்பார். "குடு பாப்பா" என்று கையை நீட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

நான் அவரைத் தாண்டிப் போய்க் கிளாஸை வாசல் சாக்கடைக் கானில் ஊற்றினேன். பிறகு போத்தலைக் கவிழ்த்தேன்.

"அடியேய்!" மாமா பாய்ந்து வந்தார். "செத்தவன் வாயில இருந்து புடுங்கியாந்து கான்ல ஊத்துறியேடி! உனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?"

என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் போத்தலை விடவில்லை. கழுத்து சின்னது, விக்கி விக்கித்தான் இறங்கியது.

"இது அண்ணனுக்கு வேணாம்" என்றேன். பக்கத்துக் காம்பராக்களில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. "அப்பாவுக்கும் வேணாம். உங்களுக்கும் வேணாம் மாமா."

மாமாவின் பிடி தளர்ந்தது. அவர் கானைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிச் சொட்டும் விழுந்தது.

திரும்பினேன். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். நீட்டிய கை இன்னும் கீழே இறங்கவில்லை. நான் போத்தலைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.