அம்மா அடகு வைத்த கால்கள்

ஜெலுத்தோங், பினாங்கு
ஜூலை 8

அம்மாவுக்கு,

போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டாலே எனக்குப் பிரஷர் ஏறுகிறது. சொல்ல ஏதாவது இருந்தால் எழுதி இவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

ஆறாம் மாதம். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார்கள். கழிவறைக்குப் போவதைத் தவிர எழவே கூடாது என்று டாக்டர் உங்கள் முன்னால்தானே சொன்னார்? திரும்பும்போது காரிலேயே ஆரம்பித்துவிட்டீர்கள். "நம்ம கோயில் அன்னம்மாளுக்கு வேண்டிக்கிட்டேன் லா. திருவிழாவுல நீ செருப்பில்லாம மெழுகுவர்த்தி பிடிச்சு நடக்கணும். அவங்க பாத்துக்குவாங்க." யாரைக் கேட்டு வேண்டினீர்கள்? மொட்டை போடுவதென்றால் உங்கள் தலை இருக்கிறது. என் காலை ஏன் அடகு வைத்தீர்கள்?

போன தடவையும் இப்படித்தான். "படுத்தே கிடந்தா பிள்ளை எப்படி சுலபமா வரும்?" என்றீர்கள். எழுந்து வந்து கிறிஸ்துமஸ் பலகாரம் சுட்டேன். மறுநாள் பிள்ளை போயிற்று.

கிறிஸ்டல்


புக்கிட் மெர்தாஜாம்
ஜூலை 11

என் மகள் கிறிஸ்டலுக்கு,

நலமா என்று கேட்டால் அதற்கும் கோபப்படுவாய். கேட்கவில்லை.

பலகாரத்தை என் தலையில் போடாதே. நீயாகத்தான் அடுப்படிக்கு வந்தாய். முந்தைய இரண்டு பிள்ளைகளும் போனபோது அழுதது நீ மட்டுமா? டாக்டருக்குத் தையல் தெரியும், எனக்கு வேண்டுதல்தான் தெரியும். மாதாவின் தாயிடம் கேட்டேன், கொடுத்தாள். வாங்கிக்கொண்டு ஏமாற்றினால், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாளா?

நடக்க வேண்டாம். மாப்பிள்ளை சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளட்டும். உனக்கு என்ன கல் மனசா?

அம்மா


ஜெலுத்தோங்
ஜூலை 14

அம்மாவுக்கு,

சக்கர நாற்காலியாம்! அதிக நேரம் உட்காரவே கூடாது என்கிறார்கள். நாள் முழுக்க ஒரே பக்கமாகப் படுத்துச் சுவரைப் பார்த்துக் கிடக்கிறேன். தும்மல் வந்தாலும் பயம். பக்கத்து வீட்டு ஷஹீரா அக்காதான் தலை வாரிவிடுகிறார், கஞ்சி ஊட்டுகிறார். அவர் என்னை வைத்து எந்த வேண்டுதலும் செய்யவில்லை. "அம்மா வரலையா?" என்று நேற்றுக் கேட்டார். கஞ்சியில் உப்பு போதவில்லை என்று பேச்சை மாற்றினேன்.

கொடுத்துவிட்டுப் பிடுங்குகிற சாமி என்றால் அந்தச் சாமியோடும் எனக்குப் பேச்சில்லை. இனி எழுதாதீர்கள்.

கிறிஸ்டல்


புக்கிட் மெர்தாஜாம்
ஜூலை 24

கிறிஸ்டல்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நேற்றுக் கோயிலுக்குப் போனேன். திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்னம்மாள் முன்னால் நின்று சத்தமாகவே சொன்னேன்: "என் மக வரமாட்டா. வாக்குக் கொடுத்தது நான். கோவம்னா என்கிட்ட காட்டு. அவ பிள்ளைமேல கை வச்சே, அப்புறம் நான் இந்தப் படி ஏறமாட்டேன், சொல்லிட்டேன்." பூ அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். வாங்கிய மெழுகுவர்த்தியைக் கொளுத்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து நான் மெழுகுவர்த்திப் பவனிக்குப் போகாமல் இருக்கப்போவது இந்த வருஷம்தான். பயமாக இருக்கிறது.

அங்கே வரட்டுமா?

அம்மா


ஜெலுத்தோங்
ஜூலை 26

அம்மா,

கோபம் இன்னும் தீரவில்லை. அந்தப் பலகாரத்தை நான் மறக்கப்போவதும் இல்லை.

வாருங்கள். பிள்ளை பிறக்கும்வரை வேண்டுதல் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தால் அன்றைக்கே இவரிடம் சொல்லிப் பேருந்து ஏற்றிவிடுவேன்.

நீங்கள் அடகு வைத்த கால்கள் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. வந்து பிடித்துவிடுங்கள்.

கிறிஸ்டல்